நூலு அறுந்தா தறி நிக்கணும்

வா தம்பி, உக்காரு. இன்னோவா வாங்கப் போறியாமே? நம்ம விருத்தாசலம் பாலக்கரையில பேசிக்கிறாங்க. ஒங்க அம்மாவுக்கு இன்னும் தெரியாதாம். பரவால்ல, கடன் வாங்குற சேதி எப்பவும் ஊரெல்லாம் சுத்திட்டு வூட்டுக்குக் கடைசியாத்தான் வரும்.

நான் வேணாம்னு சொல்லல. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஏன் இன்னோவா?

“டொயோட்டா தாத்தா! பத்து லட்சம் கிலோமீட்டர் ஆனாலும் எஞ்சின் அசையாது!”

அசையாத எஞ்சின வச்சிக்கிட்டு எங்கடா போவ? சரி வுடு, வெளையாட்டுக்குச் சொன்னேன். கணக்குப் பாப்போம். நீ இங்கேருந்து நெய்வேலிக்கு வேலைக்குப் போயிட்டு வர்ற. போக வர அம்பது கிலோமீட்டருன்னு வச்சிக்க. பத்து லட்சம் ஓடணும்னா இருவதாயிரம் தடவ போயி வரணும். ஞாயித்துக்கெழம, தீவாளி, பொங்கலு எதுவும் பாக்காம தெனம் போனாலும் அம்பத்து நாலு வருசத்துக்கு மேல ஆவும். ஒனக்கு இப்ப முப்பது. எம்பத்து நாலு வயசுல ஒனக்கு எவன் வேல எடுத்து வச்சிருக்கான்?

எஞ்சின் நல்ல எஞ்சின்தான். அதுல சந்தேகமில்ல. அத மெய்யாலுமே ஓட்டித் தேய்க்கிறவன் மஞ்ச போர்டு டிரைவரு. வேளாங்கண்ணி, திருப்பதி, சபரிமலன்னு ராப்பகலா ஓட்டுறான். அவனுக்குப் பத்து லட்சம் கணக்குப் பொருந்தும். அவன் ஓட்டுன கிலோமீட்டருக்கு நீ ஒன் காசக் குடுத்துப் பெருமப்படப் போற.

டொயோட்டான்னு சொன்னவொடனே கன்னத்துல போட்டுக்குறியே, அது மொதல்ல காரு கம்பெனியே இல்ல, தெரியுமா? தறிப் பட்டற.

ஜப்பான்ல ஷிசுவோக்கான்னு ஒரு பக்கம். அங்க ஒரு கிராமத்துத் தச்சரு. அவரு மவன் சாக்கிச்சி டொயோடா, 1867-ல பொறந்தவரு. அப்பன்கிட்ட உளி புடிக்கக் கத்துக்கிட்டாரு. அம்மா தறியில ஒக்காந்து மாருல வலியெடுக்க நெய்யிறதப் பாத்துக்கிட்டே வளந்தாரு. 1890-ல மரத்துல ஒரு தறி செஞ்சாரு. ரெண்டு கையும் போட்டு ஓட்டுன தறிய ஒத்தக் கையால ஓட்டுற ஏற்பாடு அது. 1896-ல விசைத்தறி. அப்பறமும் வுடல. தட்டிக்கிட்டே இருந்தாரு.

அவரு புடிச்ச பிடி என்னான்னு கேளு. தறி ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒரு நூலு அறுந்துடும். தறிக்கு அது தெரியுமா? அதுபாட்டுக்கு நெஞ்சுக்கிட்டே போவும். ஒரு கஜம், ரெண்டு கஜம் பாழாப் போன துணி வந்து விழுந்தப்பறந்தான் ஆளு பாப்பான். அதனால ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆளு கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டு நிக்கணும். சாக்கிச்சி என்னா பண்ணாரு? நூலு அறுந்தா தறி தானா நின்னுடணும்னு ஒரு ஏற்பாடு வச்சாரு. அவ்வளவுதான். நிக்கிற தறியப் போயி பாத்தாப் போதும். ஒருத்தரே பல தறியப் பாத்துக்கலாம்.

1924-ல அவரு முடிச்ச ஜி வகைத் தறி ஒலகத்துலயே பேரு வாங்குச்சு. 1926-ல அதுக்குன்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1929-ல இங்கிலாந்துல ஓல்டாம் ஊரு பிளாட் பிரதர்ஸ், ஒலகத்துக்கே நெசவு மிஷினு செஞ்சு வித்தவன், ஒரு லட்சம் பவுண்டு பேசி அந்தத் தறியோட உரிமைய வாங்க ஒப்பந்தம் போட்டான். நம்ம நெசவாளி வயித்துல அடிச்ச வெள்ளக்காரனுக்கே ஒரு தச்சன் மவன் தறி சொல்லிக் குடுத்திருக்கான் பாத்தியா! எனக்கு அந்தக் கத கேக்கும்போதெல்லாம் வெத்தல கொஞ்சம் ருசியா இருக்கும்.

இன்னொண்ணு கேளு. ஒங்கப்பன் வச்சிருந்தாரே மாருதி 800, அந்த சுசுகிக்காரனும் தறிக்காரந்தான். மிச்சியோ சுசுகி, 1909-ல ஹமாமாட்சு ஊர்ல தறி செய்ய ஆரம்பிச்சவரு. சாக்கிச்சி ஊருக்குப் பக்கத்து ஊரு. ஒரே வட்டாரத்துத் தறிப் பட்டறையிலேருந்து ரெண்டு காரு கம்பெனி. நம்ம குறிஞ்சிப்பாடியிலயும் தறி தட்டுனாங்க, கைலி நெஞ்சாங்க. அங்கேருந்து ஏன் ஒரு காரு வரலன்னு என்னிக்காச்சும் கேட்டுருக்கியா? கேக்க மாட்ட. எந்தக் கலரு எடுக்கலாம்னு கேப்ப.

சாக்கிச்சிக்கு மவன் கிச்சிரோ. அவருக்குக் காரு ஆச. 1933-ல தறிக் கம்பெனிக்குள்ளயே ஒரு மூலைய ஒதுக்கி, அமெரிக்கா செவ்ரோலே வண்டிய வாங்கிப் போட்டுக் கழட்டிக் கழட்டிப் பாத்தாங்க. 1935-ல லாரி வந்துது. வந்த லாரி ஓடுச்சா? வழியில வழியில நின்னுது. அச்சு ஒடையும், வேற ஏதாச்சும் புட்டுக்கும். நின்ன எடத்துக்கு ஆள அனுப்பி சரிபண்ணிக் குடுத்துட்டு, என்னா ஒடஞ்சுதுன்னு எழுதி எடுத்துக்கிட்டு வந்து, அடுத்த லாரியில அத மாத்துனாங்க. நீ கும்புடுற பேரு அப்ப ரோட்டோரம் பேனட்டத் தொறந்துக்கிட்டு நின்ன பேரு.

பேருன்னதும் ஒரு கூத்து ஞாபகம் வருது. 1936-ல சின்னம் வரையப் பொதுசனத்துக்குப் போட்டி வச்சாங்க. அதுலதான் டொயோடாங்கிற குடும்பப் பேரு டொயோட்டா ஆச்சு. ஜப்பான் எழுத்துல அத எழுதுனா எட்டுக் கோடு வரும், எட்டு அவங்களுக்கு ராசி. ஆக நியூமராலஜி கோடம்பாக்கத்துச் சரக்கு மட்டும் இல்ல. ஆனா நம்மூர்ல என்னா நடக்குது? வண்டி நம்பரக் கூட்டுனா எட்டு வருதுன்னு ஆர்டிஓ ஆபீசுல தனியாக் காசு கட்டி வேற நம்பரு வாங்குறான். எட்டப் பாத்துப் பேரு வச்சவன் வண்டிக்கு எட்டு ஆவாதாம்! நீயும் வாங்குவ, எனக்குத் தெரியும்.

1937-ல டொயோட்டா மோட்டார் கம்பெனி தனியா நின்னுது. அப்பறம் சண்ட, தோல்வி, பஞ்சம். 1950-ல கம்பெனி மூழ்குற நெலமைக்கு வந்துடுச்சு. ஆளக் கொறச்சாங்க, வேலநிறுத்தம் நடந்துது, பொறுப்பெடுத்துக்கிட்டு கிச்சிரோ பதவிய வுட்டு எறங்குனாரு. அந்த வருசம் சூன் மாசம் கொரியாவுல சண்ட மூண்டுது. அமெரிக்கப் பட்டாளம் லாரி லாரியா ஆர்டரு குடுத்துது. கம்பெனி பொழச்சுது. கிச்சிரோ 1952-ல செத்துட்டாரு, பாவம், நல்ல காலத்தப் பாக்கல. அடுத்தவன் வூட்டுச் சண்டையில அடுப்பு எரிஞ்ச கதைய எந்த ஷோரூம்லயும் ஒனக்குச் சொல்ல மாட்டான்.

காரு எடுத்துக்கிட்டு அமெரிக்காவுக்குப் போனாங்க. 1957. கிரவுன்னு பேரு, கிரீடம். அங்க ரோடு நீளம், வேகம் அதிகம். ஜப்பான் மண்ரோட்டுல சமத்தா ஓடுன வண்டி அங்க ஒதற ஆரம்பிச்சுது, எஞ்சின் கொதிச்சுது. 1958-ல அந்தப் பரந்த தேசத்துல அவங்க வித்த கிரவுனு 287. நம்ம கடைவீதியில தீவாளிக்கு அதுக்கு மேல சைக்கிளு விக்கும். நம்மாளா இருந்தா என்னா சொல்லியிருப்பான்? “அவன் ரோடு சரியில்ல”ன்னிருப்பான். அவங்க அந்தக் காரு விக்கிறதையே நிறுத்திட்டு ஊருக்குத் திரும்பி வேற வண்டி செஞ்சாங்க. 1966-ல கொரோலா வந்துது. 2021-க்குள்ள அந்தப் பேர்ல அஞ்சு கோடி காரு வித்துட்டாங்க.

எப்பிடி? எல்லாரும் கேக்குறாங்க. கேக்குறவனுக்குப் பதில் சொல்லியே பல பேரு பொழைக்கிறான். கைசென், கான்பான், ஜிடோக்கான்னு வாய்க்குள்ள நொழையாத பேரெல்லாம் சொல்லி ஒருநா வகுப்புக்கு ஆயிரக்கணக்குல வாங்குறான். நான் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன், பேரு வேணாம். வாசல்ல ஆளு ஒசரத்துக்கு போர்டு. அஞ்சு எஸ்ஸாம். சுத்தம், ஒழுங்கு, அடுக்கு இன்னும் என்னென்னமோ, தமிழ்லயும் எழுதி வச்சிருக்கு. போர்டுக்குப் பின்னால எட்டிப் பாத்தேன். ஒடஞ்ச நாக்காலி மூணு, துருப்புடிச்ச டிரம்மு, யாரோ சாப்ட்டுப் போட்ட பொட்டலம். சுத்தத்த மறைக்க முடியாதுல்ல, அதான் குப்பைய மறச்சி வச்சிருக்காங்க.

டொயோட்டாவுல அந்த வித்தைய வளத்தவரு தாயிச்சி ஓனோன்னு ஒருத்தரு. அவரு சொன்ன ஒரு ஒதாரணம் நம்ம ஊருக்கு ரொம்பப் பொருந்தும், ஏன்னா அது பியூசுல ஆரம்பிக்குது. மிஷினு நின்னுடுச்சு. ஏன்? பியூஸ் போச்சு. பாரம் கூடிப்போச்சு. ஏன் கூடுச்சு? பேரிங்குக்கு எண்ணெ பத்தல. ஏன் பத்தல? எண்ணெ பம்பு சரியா இறைக்கல. ஏன் இறைக்கல? அதோட தண்டு தேஞ்சுபோச்சு. அதுவும் ஏன்? வடிகட்டி இல்ல, இரும்புத் தூளு உள்ள போயிடுச்சு. ஆக வடிகட்டி போடு.

நாம என்னா பண்ணுவோம்? இந்த ஊர்லதான் வண்டி வண்டியா பீங்கான் பியூஸ் கேரியர் செஞ்சோம். பியூஸ் போனா என்னா பண்ணுவோம்? கம்பிய ரெண்டு முறுக்கு தடிமனாச் சுத்திப் போட்டுட்டு, “இனிமே போவாது பாரு”ன்னு கையத் தொடச்சிக்குவோம். பியூஸ் போவாது. மோட்டாருதான் போவும்.

சரி, அந்த ‘ஏன்’ன ஒன் இன்னோவாகிட்ட கேட்டுப் பாப்போமா? கோவிச்சிக்காத.

ஏன் வாங்குற? “குடும்பத்தோட போறதுக்கு.” வூட்டுல இருக்குறது மூணு பேரு, ஏழு சீட்டு ஏன்? “சொந்தக்காரங்க வந்தா வேணும்ல.” சொந்தக்காரன் ஏன் ஒன் வண்டியில ஏறணும், நம்மூருக்கு ஜங்ஷனே இருக்கு, ரயிலு நாலு தெசையிலயும் போவுது? “நாலு பேரு மதிப்பாங்க தாத்தா.” இப்ப ஏன் மதிக்க மாட்டேங்குறான்? “மச்சான் கிரெட்டா வாங்கிட்டான்.” மச்சான் ஏன் வாங்குனான்? “அவன் சகல ஏதோ சொல்லிட்டானாம்.”

அஞ்சாவது ‘ஏன்’ல காரு எங்கயாச்சும் தெரியுதா பாரு.

மதிப்பு இந்த வண்டிக்கு எப்பிடி வந்துதுங்குறது தனிக் கத. டொயோட்டா நம்ம நாட்டுக்கு மொதல்ல வந்தது எம்பதுகள்ல. டிசிஎம் கம்பெனியோட சேந்து லாரி வித்தான், அது நெலைக்கல. மறுபடி 1997-ல கிர்லோஸ்கரோட சேந்தான். பெங்களூருக்குப் பக்கத்துல பிடதி. 2000-ல குவாலிஸ் வந்துது. பாத்தவன் சிரிச்சான். இந்தோனேசியாவுல எம்பதுகள்ல ஓடுன பழைய பொட்டிக்கு புதுப் பேரு வச்சுக் கொண்டாந்துட்டான்னு எழுதுனாங்க. எழுதுனவன் எவனும் அத வாடகைக்கு ஓட்டிக் கடன் அடச்சவன் இல்ல. டிராவல்ஸ்காரன் ஒத்துக்கிட்டான், அவ்வளவுதான். நல்லா வித்துக்கிட்டு இருக்கும்போதே அத நிறுத்திட்டு 2005-ல இன்னோவாவக் கொண்டாந்தான்.

அப்பறம் அரசியல்வாதி ஏறுனான். வெள்ளக் கலரு, கறுப்புக் கண்ணாடி, முன்னால கொடிக் கம்பு. இன்னோவாவுல எறங்குனா மாவட்டம், பொலிரோவுல எறங்குனா ஒன்றியம்னு ஊருக்கே ஒரு அட்டவண மனப்பாடம் ஆயிடுச்சு. 2012-ல கட்சி மாறுன நாஞ்சில் சம்பத்துக்கு ஜெயலலிதா ஒரு இன்னோவா குடுத்தாங்க. அன்னியிலேருந்து அவரு ஊர் வாயில ‘இன்னோவா சம்பத்’து. 2017-ல வண்டியத் திருப்பிக் குடுத்துட்டாரு. வண்டி போச்சு, அந்தப் பேரு போவல. இலக்கியம் பேசுன மனுசன். எத்தன மேட, எத்தன பேச்சு! கடைசியில ஜனம் ஞாபகம் வச்சிருக்குறது ஏழு சீட்ட.

அதே கம்பெனி நம்ம நாட்டுக்குன்னே யோசிச்சு 2010-ல எட்டியோஸ்னு ஒரு காரு வுட்டுது. நல்ல வண்டி. ஒழுங்கா ஓடுச்சு. டாக்சிக்காரன் அள்ளுனான். அவன் அள்ளுனான்னு தெரிஞ்சதும் பெரிய மனுசன் ஒதுங்கிட்டான், “டாக்சி வண்டிப்பா அது”ன்னு. 2020-ல நின்னு போச்சு. ஏண்டா, தெனம் எரநூறு முன்னூறு கிலோமீட்டரு ஓட்டுறவன் நல்லாருக்குன்னு சொன்னா அது பெருமையா, கொறையா? இன்னோவாவும் டாக்சிதான். அதுக்கு மட்டும் கொற ஒட்டல. எனக்கு இன்னும் புரியாத விசயத்துல இது ஒண்ணு. புரிஞ்சா சொல்லு.

இத வுடப் பெரிய வேடிக்க ஒண்ணு இருக்கு. 2019-ல கிளான்ஸான்னு ஒரு டொயோட்டா வந்துது. பேட்ஜக் கழட்டிப் பாத்தா மாருதி பலேனோ. அதே காரு. ரெண்டு தறிக்காரனும் கூட்டு சேந்துட்டான். அப்பறம் பிரெஸ்ஸா ஒரு டொயோட்டாவா ஆச்சு, எர்டிகா ஒரு டொயோட்டாவா ஆச்சு. அவன் மட்டும் சும்மா இருப்பானா? 2023-ல டொயோட்டா ஹைகிராஸ வாங்கி இன்விக்டோன்னு பேரு வச்சு மாருதி வித்தான். ஒங்க தெருவுல ரெண்டு பேரு எதுத்த எதுத்த வூட்டுல பலேனோவும் கிளான்ஸாவும் வச்சிக்கிட்டு எது ஒசத்தின்னு பேசிக்கிறாங்களே, அவங்ககிட்ட இதச் சொல்லித் தொலைக்காத. பொழுது போவணும்ல அவங்களுக்கு.

டெலிவரி எடுக்குற அன்னிக்கு நடக்குறதப் பாத்துருக்கியா? காரு மேல வெல்வெட்டு துணிய மூடி வச்சிருப்பான். குடும்பத்த வரிசையா நிக்க வச்சு துணிய இழுக்கச் சொல்லுவான். ஒரு பக்கம் கேக்கு. கையில ஆளு நீளத்துக்கு அட்டையில சாவி. அந்தச் சாவி எந்தப் பூட்டுக்கும் நொழையாது, அத ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு ஒங்கப்பன் பல்லக் காட்டுவாரு. கைதட்டு. வீடியோ. கடன் குடுத்த பேங்க்குக்காரன அந்தப் போட்டோவுல யாராச்சும் நிக்க வக்கிறாங்களா? அவன்தாண்டா வண்டிக்கு மொதலாளி!

அங்கேருந்து நேரா மணவாளநல்லூரு. கொளஞ்சியப்பருக்குப் பூச, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். இது நல்ல வழக்கந்தான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். மறுநாளு போன் வரும். “சார், செராமிக் கோட்டிங் போட்டுக்கலாமா?” யாருகிட்ட கேக்குறான் பாரு! செராமிக் காலேஜி வச்சிருக்குற ஊர்ல, சூளப் பொகையக் குடிச்சு வளந்தவன்கிட்ட! சின்ன பாட்டல்ல தண்ணியாட்டம் ஒண்ணு, துணியில ஊத்தித் தடவுறான், அதுக்குப் பேரு செராமிக்காம். ஆயிரத்து எரநூறு டிகிரி சூட்டுல வெந்து வர்றதுக்குப் பேரு செராமிக். வெயில்ல காஞ்சு வர்றது கோலமாவு.

காருக்குள்ள நெசமாவே பீங்கான் இருக்கு, அது ஒனக்குத் தெரியாது. பெட்ரோலு வண்டி ஸ்பார்க் பிளக்குல வெள்ளையா ஒரு கழுத்து இருக்குல்ல, அது பீங்கான். பொகக் கொழாயில நச்ச வடிக்கிற பாகத்துக்குள்ள தேன்கூடு கணக்கா துள துளையா ஒரு கட்டி, அதுவும் பீங்கான். டொயோட்டா ஊரு இருக்குற ஐச்சி மாவட்டத்துலயே சேட்டோன்னு ஒரு ஊரு, நூத்தாண்டு நூத்தாண்டா பீங்கான் ஊரு. பக்கத்து நகோயாவுல தட்டு, கோப்ப செஞ்ச கம்பெனியிலேருந்து 1919-ல கரண்டு கம்பத்துப் பீங்கான் செய்ய என்ஜிகே பிரிஞ்சுது. 1936-ல அதுலேருந்து ஸ்பார்க் பிளக் கம்பெனி பிரிஞ்சுது. தட்டு செஞ்சவன் கம்பத்துக்குப் போனான், கம்பத்துலேருந்து காருக்குள்ள போயிட்டான். நம்ம பொம்மையும் பியூசும் செஞ்ச எடத்துலயே நின்னு, பிளாஸ்டிக் வந்ததும் முழிச்சுது. அந்த வயித்தெரிச்சல இன்னொரு நாளைக்குப் பேசுறேன்.

தொழிற்பேட்டையில சூள ஆறுனப்பறம் போயி நின்னு பாரு. சாமான எறக்குற பொம்பளைங்க ஒவ்வொண்ணா எடுத்து வெரலால சுண்டுவாங்க. கணீர்னா கூடைக்கு. தொப்புன்னா மூலைக்கு. மேல கிளேசு பளபளன்னுதான் இருக்கும், விரிசலு கண்ணுக்கே தெரியாது. சத்தந்தான் சொல்லும். கம்பெனிப் பேரையும் அப்பிடிச் சுண்டிப் பாக்கணும் தம்பி. நான் சுண்டிப் பாத்ததச் சொல்லுறேன்.

2009, 2010-ல அமெரிக்காவுல கால்மிதி ஆக்சிலேட்டருல மாட்டிக்கிது, பெடலு இறுகிக்கிதுன்னு லட்சக்கணக்குல டொயோட்டா வண்டியத் திருப்பி வரவச்சாங்க. ஆளும் செத்தான். நாம கொளஞ்சியப்பருக்கு பிராது எழுதிக் கட்டுவோம், அவங்க பாராளுமன்றத்துலயே கட்டிட்டாங்க. கிச்சிரோ பேரன் அக்கியோ டொயோடா 2010 பிப்ரவரியில அங்க போயி நின்னு மன்னிப்புக் கேட்டாரு. அளவுக்கு மீறி வேகமா வளந்துட்டோம், வரிச மாறிப்போச்சுன்னாரு. 2014-ல, சனங்ககிட்ட உண்மையச் சொல்லாம மழுப்புனதுக்கு 120 கோடி டாலரு கட்டுனாங்க.

அது பழசுன்னு நெனச்சிக்கிறியா? 2023 டிசம்பர்ல அந்தக் கூட்டத்துலயே இருக்குற டைஹட்சு கம்பெனி பாதுகாப்புச் சோதனையில தில்லுமுல்லு பண்ணுனது வெளிய வந்துது. 1989-லேருந்தே நடந்துருக்கு. அடுத்த மாசம், 2024 ஜனவரி, டீசல் எஞ்சினோட குதிர சக்திய அளக்குற சோதனையில ஏமாத்துனது தெரிஞ்சுது. யாரு பண்ணுனது தெரியுமா? டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். 1926-ல சாக்கிச்சி தறி செய்ய ஆரம்பிச்சாரே, அதே கம்பெனி. நம்ம நாட்டுல கூட இன்னோவா கிரிஸ்டா, பார்ச்சூனர், ஹைலக்ஸ் மூணையும் கொஞ்ச நாளு அனுப்பாம நிறுத்தி வச்சாங்க. நூலு அறுந்தா தறி நிக்கணும்னு ஒலகத்துக்குச் சொல்லிக் குடுத்த வூட்டுலயே நூலு அறுந்துருக்கு, தறி நிக்கல.

இதக் கேட்டுட்டு “டொயோட்டாவும் ஏமாத்துக்காரந்தான்”னு கெளம்பிடாத. ஒனக்கு எல்லாமே ஒண்ணு சாமி, இல்லாட்டி பிசாசு. அப்பிடி இல்லடா. அவன் பட்டறையில ஆளுங்க தலைக்கு மேல ஒரு கயிறு போட்டு வச்சிருக்கான். வேல செய்யிறவன் தப்பப் பாத்தா இழுக்கலாம். மேஸ்திரி ஓடி வருவான், சரியாவலன்னா வரிசையே நின்னுடும். கடைசி ஆளுக்கும் வேலைய நிறுத்துற ஒரிம இருக்குது. அந்தக் கயித்த மதிச்ச வரைக்கும் பேரு வளந்துது, மதிக்காத எடத்துல நாறுச்சு. நம்மூர்ல ஒரு கம்பெனியில அந்தக் கயித்த இழுத்துப் பாரேன். மறுநா கயிறு இருக்கும், இழுத்தவன் இருக்க மாட்டான்.

இந்தப் பேரு ஒசத்தியா இல்லையான்னு என்னக் கேட்டா, ஒசத்திதான். மத்தவன விட நல்லாவே செய்யிறான். ஆனா அவன் செஞ்ச வேலைக்குத்தான் பேரு. வாங்குறவனுக்கு இல்ல. நீ இருவது லட்சத்துக்கு மேல கொட்டி வேற எவனோ சம்பாரிச்ச பேர வாசல்ல நிறுத்திட்டு, மதிப்ப தெருவுல தேடப் போற. ஆத்துல போட்டுக் கொளத்துல தேடுறதுங்குறது இந்த ஊர்லதான பொறந்துச்சு! சுந்தரரு நம்ம மணிமுத்தாத்துல பன்னீராயிரம் பொன்னப் போட்டு திருவாரூரு கொளத்துல எடுத்தாரு. அவருக்குக் கெடச்சுது, ஏன்னா அங்க சாமி ஜாமீன் நின்னுது. ஒனக்கு நிக்கிறது ஒங்கப்பன்.

அந்தக் கதையில எல்லாரும் வுட்டுடுற ஒரு சங்கதி இருக்கு. ஆத்துல போடுறதுக்கு முன்னால சுந்தரரு அந்தப் பொன்னுல ஒரு துண்டு மச்சம் வெட்டி எடுத்து வச்சிக்கிட்டாரு. அங்க எடுக்கும்போது இதே மாத்துத் தங்கமான்னு ஒரசிப் பாக்க. குடுத்தது சிவபெருமான்! சாமி குடுத்த பொன்னுக்கே மச்சம் வெட்டுன ஊரு இது. நீ, டை கட்டுன பையன் சிரிச்சிக்கிட்டே நீட்டுன பேப்பர்ல எட்டு எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கப் போற.

வாங்கணும்னா வாங்கு. அதுக்கு முன்னால ஜங்ஷன் ரோட்டுல வாடகைக்கு நிக்கிற டிரைவரு ரெண்டு பேரப் புடி. சர்வீசுக்கு எவ்வளவு ஆவுது, டயரு எத்தன கிலோமீட்டருக்கு மாத்துறான், கிளட்சு மாத்துனா என்னா செலவு, இன்சூரன்சு எவ்வளவு, எல்லாம் கேட்டு எழுதிக்க. பழைய வண்டி பாக்குறதா இருந்தா மீட்டரப் பாத்து மயங்காத, சர்வீஸ் புக்கக் கேளு. நம்ம மெக்கானிக்கக் கையோட கூட்டிக்கிட்டுப் போ. அவன் பேனட்டத் தொறந்து பாத்து முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறந்து வெல பேசாத.